நிறம் போனால் போதுமா?

*சாயக்கழிவை ஒளியால் உடைக்கிறது கரி சேர்த்த வினையூக்கி. ஆய்வகத்தில் ஜெயித்த இந்த நுட்பம் திருப்பூர்த் தண்ணீரிலும் ஜெயிக்க என்ன செய்ய வேண்டும்?*

அணை கட்டித் தாருங்கள் என்று விவசாயிகள் போராடிய வரலாறு தமிழ்நாட்டில் நிறைய உண்டு. கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே போராடிய ஊர் ஒரத்துப்பாளையம். சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. ஈரோடு, கரூர் வட்டாரத்து நிலங்களுக்குப் பாசனம் தரத்தான் கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து நிற்கும் குட்டையாகிவிட்டது. தேக்கினால் சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு இறங்கியது. திறந்துவிட்டால் கீழே உள்ள வயல்கள் கெட்டன.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவைக்கூட வெளியே விடக்கூடாது என்ற நிலைக்கு 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைக் கொண்டுவந்து நிறுத்தியது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதன் பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை எல்லாம் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் ஊர் திகைத்து நின்றது.

இன்று திருப்பூரில் பட்டறைகள் ஓடுகின்றன. கழிவுநீர் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் குழாயில் போகிறது. அங்கே நுண்ணுயிர்த் தொட்டி, வடிகட்டி, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., நீரை ஆவியாக்கும் ஈவாப்பரேட்டர் என்று வரிசையாகக் கடந்து தண்ணீர் திரும்பப் பட்டறைக்கே வருகிறது. இவ்வளவு பெரிய அளவில் ஒரு தொழில் நகரம் தன் கழிவுநீரைச் சுழற்றிப் பயன்படுத்துவது உலகிலேயே அபூர்வம். ஆனால் அதற்கான விலை பெரிது. ஈவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு வேண்டும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. இந்தச் செலவைத் தாங்க முடியாத, அல்லது தாங்க விரும்பாத சிலர் இரவில் ஓடையில் திறந்துவிடுகிறார்கள் என்ற புகாரும் ஓயவில்லை.

இந்த இடத்தில்தான் ஒரு வேதியியல் நுட்பம் கதவைத் தட்டுகிறது. ஒளி பட்டால் வேலை செய்யும் ஒரு தூள், கூடவே கொஞ்சம் கரி. இரண்டும் சேர்ந்து சாய மூலக்கூற்றைத் துண்டு துண்டாக உடைத்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் எளிய உப்புகளாகவும் மாற்றிவிடும் என்கிறது அறிவியல். இதைப் பற்றி உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வந்தவையும் அவற்றில் ஏராளம். அப்படியிருந்தும் நம் சுத்திகரிப்பு நிலையங்களுக்குள் அது ஏன் பரவலாக நுழையவில்லை என்று கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

ஒரு கறுப்பு பனியனின் கணக்கு

கழிவைப் புரிந்துகொள்ள, சாயம் ஏறும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பருத்தித் துணிக்கு இன்று அதிகம் போடப்படுவது ரியாக்டிவ் சாயம். 1956-ல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பஞ்சு இழையோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்வதால் துவைத்தாலும் சாயம் போகாது. சாஃப்ட் ஃபுளோ எனப்படும் சாயமேற்றும் எந்திரத்தில் ஒரு கிலோ துணிக்குச் சாயக்குளியலில் மட்டும் 6 முதல் 8 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கறுப்பு போன்ற அடர்ந்த ஷேடுக்கு ஒரு லிட்டருக்கு 80 கிராம் வரை உப்பு சேர்ப்பார்கள். சாயமும் பஞ்சும் தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கும். உப்பு அந்த விலகலைக் குறைத்துச் சாயத்தை இழைக்குள் தள்ளுகிறது. ஆக, ஒரு கிலோ கறுப்புத் துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. பிறகு சோடா போட்டுக் காரத்தன்மையை ஏற்றி, 60 டிகிரி சூட்டில் பிணைப்பை உறுதியாக்குவார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் காரச் சூட்டில் சாயம் பஞ்சோடு மட்டும் சேர்வதில்லை, தண்ணீரோடும் சேர்கிறது. அப்படிச் சேர்ந்த பங்கு இனி துணியில் ஒட்டாது. பொதுவாக, போட்ட சாயத்தில் 60 முதல் 80 சதவீதமே துணியில் நிற்கும். மிச்சமெல்லாம், அடுத்தடுத்து வரும் வெந்நீர் அலசலிலும் சோப்பிங்கிலும் கழன்று கழிவோடு போகிறது. உப்பு ஏறக்குறைய முழுவதும் வெளியே வந்துவிடுகிறது.

வெளியே வரும் சாயம் லேசில் அழியாது. வெயிலையும் சோப்பையும் தாங்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்ட மூலக்கூறு அது. பெரும்பாலானவை அசோ சாயங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் நிற்க, இருபுறமும் வளையங்கள் கோத்திருக்கும். சாதாரணக் காற்றோட்டத் தொட்டியில் வளரும் நுண்ணுயிரிகளால் இதை எளிதில் கடிக்க முடியாது. காற்றில்லாத சேற்றில் அந்த நைட்ரஜன் பிணைப்பு அறுபடும். அப்போது பிறக்கும் அரோமாட்டிக் அமீன்களில் பென்சிடின் போன்ற சில, புற்றுநோயை உண்டாக்குபவை. அத்தகைய அமீன்களை வெளிவிடும் சாயங்களைத் துணியிலும் தோலிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் தடை செய்தது அதனால்தான். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தாலும் சாயம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அமீன்தான் அதைவிட ஆபத்தானது.

டோக்கியோவில் தொடங்கிய கதை

1960-களின் பிற்பகுதி. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டாவிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தார் அகிரா ஃபுஜிஷிமா. டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனை ஒன்றைத் தண்ணீரில் வைத்து அதன்மேல் ஒளியைப் பாய்ச்சியபோது, தண்ணீர் ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிவதைக் கண்டார். 1972-ல் 'நேச்சர்' இதழில் இருவரும் இதை வெளியிட்டார்கள். 1977-ல் அமெரிக்காவில் ஃபிராங்க், பார்ட் ஆகிய இருவர் அதே பொருளைக் கொண்டு தண்ணீரில் கலந்த சயனைடை உடைத்துக் காட்டினார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒளியைப் பயன்படுத்தலாம் என்ற வழி அங்கே திறந்தது.

டைட்டானியம் டை ஆக்சைடு ஒன்றும் அரிய சரக்கு அல்ல. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் இருப்பது அதுதான். அது ஒரு குறைக்கடத்தி. போதுமான ஆற்றலுள்ள ஒளி பட்டால் அதனுள்ளே ஓர் எலெக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவும். அது இருந்த இடத்தில் ஒரு வெற்றிடம், அதாவது 'துளை' உண்டாகும். துளை தண்ணீரிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்து ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற வீரியமான துகளை உருவாக்கும். தாவிய எலெக்ட்ரான் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து இன்னொரு வீரியமான துகளை உண்டாக்கும். ஹைட்ராக்சில் ராடிக்கலின் ஆக்சிஜனேற்ற வலிமை ஓசோனைவிட அதிகம். சாயத்தின் நைட்ரஜன் பிணைப்பை அறுக்கும், வளையத்தைப் பிளக்கும். போதுமான நேரம் கிடைத்தால் கார்பன் முழுவதையும் கார்பன் டை ஆக்சைடாக்கிவிடும். வேலை முடிந்ததும் தூள் அப்படியே இருக்கும். வினையூக்கி என்பதன் சிறப்பு அது.

இவ்வளவு நல்ல பொருளுக்கு இரண்டு பெரிய குறைகள். முதலாவது, எலெக்ட்ரான் தாவ 3.2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் 387 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதா ஒளியில்தான் இருக்கிறது. நிலத்தில் விழும் சூரிய ஆற்றலில் புற ஊதாவின் பங்கு 4, 5 சதவீதம்தான். மிச்ச வெயிலெல்லாம் வீண். இரண்டாவது, தாவிய எலெக்ட்ரான்களில் பெரும்பாலானவை வேலை ஏதும் செய்யாமல் நொடியின் மிகச் சிறு பங்குக்குள் துளையிலேயே திரும்ப விழுந்துவிடுகின்றன. பிடித்த ஒளியும் வெறும் சூடாகிப் போய்விடுகிறது.

கரி செய்யும் மூன்று வேலைகள்

இந்தக் குறைகளைச் சரிசெய்யத்தான் கரி வந்தது. கரி என்றால் இங்கே ஒரு குடும்பமே உண்டு. ஆக்டிவேட்டட் கார்பன், வேளாண் கழிவைக் காற்றில்லாமல் சுட்ட பயோசார், கார்பன் நானோ குழாய், ஒற்றை அணுத் தடிமனுள்ள கிராஃபீன், புள்ளியளவு கூட இல்லாத கார்பன் டாட் என்று பல வடிவங்கள். இவை செய்யும் வேலையை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வேலை, சாயத்தைக் கூட்டி வருவது. ஹைட்ராக்சில் ராடிக்கலின் ஆயுள் நானோ நொடிக் கணக்கில்தான். பிறந்த இடத்தை விட்டு அது தூரம் போகாது. சாயம்தான் அதன் அருகே வந்தாக வேண்டும். நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கிராமுக்கு 1000 சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்பு கொண்டது, ஏறக்குறைய கால் ஏக்கர். அந்தப் பரப்பில் சாயத்தின் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே வினையூக்கி இருந்தால் ஒட்டிய சாயம் அங்கேயே உடையும். வெறும் கரி சாயத்தால் நிறைந்ததும் தானே ஒரு கழிவாகிவிடும். வினையூக்கி சேர்ந்த கரி, ஒளி படப் படத் தன் பரப்பை மீட்டுக்கொள்ளும்.

இரண்டாவது, எலெக்ட்ரானை வாங்கி வைப்பது. கிராஃபீன், நானோ குழாய் போன்றவை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தாவிய எலெக்ட்ரானை அவை தம் பக்கம் இழுத்துக்கொண்டால் அது துளையில் திரும்ப விழுவது தாமதமாகும். துளைக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பயன்படுத்துவது. கார்பன் அணுக்கள் டைட்டானியம் டை ஆக்சைடின் படிகத்துக்குள் புகுந்தாலோ, அதனோடு இறுகப் பிணைந்தாலோ, ஒளியை ஏற்கும் எல்லை புற ஊதாவைத் தாண்டி விரியும். டைட்டானியமே இல்லாத வழியும் இருக்கிறது. யூரியாவையோ மெலமைனையோ 550 டிகிரி அளவுச் சூட்டில் வைத்தால் மஞ்சள் நிறத் தூள் ஒன்று கிடைக்கும். கிராஃபைட்டிக் கார்பன் நைட்ரைடு என்று பெயர். இதற்கு 2.7 எலெக்ட்ரான் வோல்ட் போதும் என்பதால் நீல ஒளி வரை ஏற்றுக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இது வினையூக்கியாக உழைக்கும் என்பதை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் மார்க்கஸ் அன்டோனியெட்டியும் சீன, ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2009-ல் காட்டினார்கள்.

கரி கூடினால் பலனும் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. கரி கறுப்பு, அளவு மிஞ்சினால் வினையூக்கிக்குப் போக வேண்டிய ஒளியை அதுவே விழுங்கிவிடும். கிராஃபீன் என்றால் பெரும்பாலும் சில சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்தச் சரக்கு எதற்கும் நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. டைட்டானியம் தரும் இல்மனைட் மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துக் கடற்கரையிலும் கிடைக்கிறது. தேங்காய்த்தொட்டியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் செய்யும் தொழில் கொங்கு வட்டாரத்திலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. மணல் அள்ளுவதை எதிர்த்துக் கடலோர மக்களும், கரி சுடும் இடங்களில் நிலத்தடி நீர் கெடுவதாக விவசாயிகளும் போராடியிருக்கிறார்கள். நொய்யலைக் காப்பாற்றும் தீர்வு இன்னோர் ஊரின் கிணற்றைக் கெடுத்துவிடக் கூடாது.

பீக்கரில் நடப்பது என்ன?

ஆய்வகத்தில் இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

ஒரு பீக்கரில் 100 மில்லி காய்ச்சி வடித்த நீர். அதில் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம், லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில். புதிதாகச் செய்த வினையூக்கித் தூளைச் சில பத்து மில்லிகிராம் போட்டு, இருட்டில் அரை மணி நேரம் கலக்குவார்கள். தூளின் பரப்பில் ஒட்ட வேண்டிய சாயம் அதற்குள் ஒட்டிவிடும். பிறகு விளக்கைப் போடுவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தூளைப் பிரித்து, தெளிந்த நீரை நிறமாலைமானியில் வைத்து 664 நானோமீட்டரில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று அளப்பார்கள். நீலம் வெளிற வெளிற எண் இறங்கும். ஒரு மணி நேரத்தில் 95, 98, 99 சதவீதம் போய்விட்டது என்று கட்டுரை முடியும்.

சோதனை நேர்மையானதுதான். ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் முடிவில்தான் பள்ளம் இருக்கிறது.

மெத்திலீன் புளூவின் நீலம் மறைந்தால் மூலக்கூறு உடைந்துவிட்டது என்று பொருளல்ல. கல்லூரி ஆய்வகங்களில் செய்து காட்டும் 'நீலக் குப்பி' சோதனை இதற்குச் சாட்சி. காரம் கலந்த குளுக்கோஸ் கரைசலில் மெத்திலீன் புளூவை விட்டு வைத்தால் நிறமெல்லாம் மறைந்துபோகும். குப்பியைக் குலுக்கினால் காற்றுப் பட்டு நீலம் திரும்பி வரும். நிறமில்லாமல் இருந்த நேரத்திலும் மூலக்கூறு அங்கேதான் இருந்தது. ஒளிவினையூக்கச் சோதனையிலும் இது நடக்கலாம். அது மட்டுமல்ல, மெத்திலீன் புளூ தானே ஒளியை உறிஞ்சி, தன் எலெக்ட்ரானை டைட்டானியம் டை ஆக்சைடுக்குக் கொடுத்துத் தானே வெளிறும். அப்போது கிடைக்கும் பெருமை வினையூக்கிக்குச் சேராது.

இன்னொன்று, மெத்திலீன் புளூ நேர்மின்சுமை கொண்டது. திருப்பூர்க் கழிவில் வரும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்சுமை கொண்டவை. காரத் தண்ணீரில் டைட்டானியம் டை ஆக்சைடின் பரப்பும் எதிர்மின்சுமை ஏற்கும். ஆய்வகச் சாயத்தை அது இழுக்கும், பட்டறைச் சாயத்தை விலக்கும். கரி சேர்ப்பதன் அவசியம் இங்கேதான் நிஜமாகப் புரிகிறது. மின்சுமை விலக்கினாலும், வளையத்தோடு வளையம் ஒட்டும் ஈர்ப்பால் கரி அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது உப்பும் சோடாவும். சோடாவிலிருந்து வரும் கார்பனேட் அயனி ஹைட்ராக்சில் ராடிக்கலை வழியிலேயே பிடித்து வலுவில்லாததாக மாற்றிவிடும். குளோரைடும் குறுக்கே நிற்கும். காய்ச்சி வடித்த நீரில் இவை இரண்டுமே கிடையாது. போதாக்குறைக்கு, நிஜக் கழிவு அடர்நிறமாக இருப்பதால் ஒளி சில சென்டிமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். அடியில் கிடக்கும் வினையூக்கிக்கு வெயிலே எட்டாது.

> ஆய்வு முடிவைப் படிக்கும்போது கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்
>
> 1. எந்தச் சாயம்? மெத்திலீன் புளூ மட்டுமா, பட்டறையில் ஓடும் ரியாக்டிவ் பிளாக் 5 போன்றவையுமா?
>
> 2. எந்தத் தண்ணீர்? உப்பும் சோடாவும் சோப்பும் இருந்ததா?
>
> 3. இருட்டிலேயே எவ்வளவு ஒட்டிக்கொண்டது, ஒளி பட்ட பிறகு எவ்வளவு உடைந்தது?
>
> 4. நிறம் தவிர, தண்ணீரில் உள்ள மொத்தக் கரிமப் பொருள் எவ்வளவு குறைந்தது? மிஞ்சியதன் நச்சுத்தன்மையைச் சோதித்தார்களா?
>
> 5. அதே தூள் எத்தனை சுற்று உழைத்தது? தண்ணீரிலிருந்து அதை முழுவதும் மீட்க முடிந்ததா?

எங்கே வைத்தால் பயன்?

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். ஒளிவினையூக்கி உப்பைத் தொடாது. ஒரு கிலோ கறுப்புத் துணிக்குப் போட்ட அரைக் கிலோ உப்பு, சாயமெல்லாம் உடைந்த பிறகும் தண்ணீரிலேயே இருக்கும். நொய்யல் விவசாயியின் நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு அந்த உப்புக்குத்தான். எனவே ஆர்.ஓ.வையும் ஈவாப்பரேட்டரையும் தூக்கிவிட்டு இதை வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. தெளிந்து தெரிகிறதே என்று உப்புத் தண்ணீரை ஆற்றில் விட்டால் 2011-க்கு முந்தைய நிலைக்கே திரும்பிவிடுவோம்.

ஆனால் அந்த வரிசைக்குள் இதற்குப் பொருத்தமான இடங்கள் இருக்கின்றன. நுண்ணுயிர்த் தொட்டியைத் தாண்டி வரும் தண்ணீரில் நிறம் குறைந்திருக்கும், திடப்பொருளும் குறைந்திருக்கும். ஆனால் நுண்ணுயிரிகள் தொடாத பிடிவாதமான கரிமப் பொருட்கள் மிஞ்சியிருக்கும். ஆர்.ஓ. சவ்வை அடைத்து, அதன் ஆயுளைக் குறைப்பவற்றில் அவையும் உண்டு. கரி சேர்த்த வினையூக்கி அங்கே உட்கார்ந்தால் சவ்வின் சுமை குறையும்.

இன்னோர் இடம் பிரைன் எனப்படும் அடர் உப்புநீர். திருப்பூரில் சில நிலையங்கள் இந்த உப்புநீரைச் சுத்தம் செய்து சாயக்குளியலுக்கே திருப்பி அனுப்புகின்றன. உப்பு வாங்கும் செலவும் மிச்சம், ஆவியாக்கும் செலவும் மிச்சம். அதில் பழைய சாயத்தின் நிறம் ஒட்டியிருந்தால் அடுத்த ஷேடு கெடும் என்பதால் நிறத்தை முழுவதும் எடுத்தாக வேண்டும். உப்பு இவ்வளவு அடர்ந்த நீரில் ராடிக்கல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் அறிவியலுக்கு முன் நிற்கும் நிஜமான சவால். இதில் ஜெயிக்கும் வினையூக்கிக்குச் சந்தை காத்திருக்கிறது.

வடிவமும் மாற வேண்டும். நானோ தூளை அப்படியே தண்ணீரில் கலந்தால் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. டைட்டானியம் டை ஆக்சைடுத் தூசியைச் சுவாசிப்பது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதைச் சேர்ப்பதைத் தடை செய்தது. தூளாகத் தண்ணீரோடு தப்பவிடுவது முறையல்ல. கண்ணாடி, களிமண் மணி, கரிக் குருணை ஆகியவற்றின் மேல் பூசி நிலைநிறுத்துவதும், காந்தத்தால் இழுக்கக்கூடிய இரும்பு ஆக்சைடோடு சேர்ப்பதும் நடைமுறைக்கு உதவும் வழிகள். தேங்காய்த்தொட்டிக் குருணை இதற்கு இயல்பாகவே பொருந்தும்.

ஒளியால் கழிவைச் சுத்தம் செய்வது வெறும் கனவல்ல. ஸ்பெயினின் அல்மேரியாவில் உள்ள சூரிய ஆற்றல் ஆய்வு மையம், வளைந்த கண்ணாடிகளால் வெயிலைக் குழாய்களில் குவித்துக் கழிவுநீரை உடைக்கும் சோதனைகளைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. பூச்சிமருந்து கேன்களைக் கழுவிய நீரைச் சுத்தப்படுத்த அதே வட்டாரத்தில் ஒரு நிலையமே அமைத்தார்கள். அங்கே பயன்படுத்தியது இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த வேறொரு முறை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். ஆய்வாளர்கள் பீக்கரோடு நின்றுவிடாமல், குறிப்பிட்ட ஒரு கழிவை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார்கள்.

பீக்கரிலிருந்து பட்டறைக்கு

கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருப்பூர் சில மணி நேரத் தூரம்கூட இல்லை. அந்த ஊர்க் கல்லூரிகளில் வேதியியல் படிக்கும் மாணவர் நிஜச் சாயக்கழிவை ஒரு கேன் பிடித்துவந்து சோதிக்க எந்தத் தடையும் இருக்கக் கூடாது. ஆராய்ச்சி வழிகாட்டிகள் இதைக் கட்டாயமாக்கலாம். சாயம் உடைக்கும் வினையூக்கி என்று பட்டத்துக்கு எழுதினால், காய்ச்சி வடித்த நீரோடு பட்டறைத் தண்ணீரிலும் ஒரு முடிவு இருக்க வேண்டும். 99 சதவீதம் என்பது 30 சதவீதமாக இறங்கினாலும் அதையே பதிவு செய்யட்டும். அடுத்தவர் மேலே கட்ட அந்த 30-தான் அஸ்திவாரம். மதிப்பெண் போடுகிறவர்களும் இதழாசிரியர்களும் அதற்கு மரியாதை தர வேண்டும்.

பொது சுத்திகரிப்பு நிலையங்கள் தங்கள் குழாயிலிருந்து ஒரு சிறு கிளையை ஆய்வுக்கு ஒதுக்கலாம். ஒரு நாளைக்கு ஆயிரம் லிட்டர் கிடைத்தாலே போதும். மழையிலும் வெயிலிலும், கறுப்பு ஓடும் நாளிலும் வெளிர்நிறம் ஓடும் நாளிலும் வினையூக்கி எப்படி நடந்துகொள்கிறது என்று ஓராண்டு பார்க்கலாம். ஒரு கனமீட்டருக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தூள், ஆர்.ஓ. சவ்வு எவ்வளவு காலம் கூடுதலாக உழைத்தது என்ற மூன்று எண்களும் பட்டறைக்காரர்களின் முன் வைக்கப்பட வேண்டும். கணக்குப் பார்த்துத் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். எண் சரியாக இருந்தால் யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நிறத்தை அளப்பதோடு நிற்காமல், உடைந்த துண்டுகளில் அமீன் மிஞ்சுகிறதா என்பதையும் அளக்க வேண்டும்.

இந்த வேலையில் ஆய்வாளர், பட்டறைக்காரர், அதிகாரி ஆகிய மூவரோடு நான்காவதாக ஒருவருக்கும் இடம் உண்டு. ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே கிணறு வைத்திருக்கும் விவசாயிக்கு. சோதனைக் குழுவில் அவர் உட்கார வேண்டும், அளவு எண்களை அவரும் பார்க்க வேண்டும். அணையில் தண்ணீர் நிற்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் அளவுக்கு அந்த நீரின் குணத்தை அறிந்தவர் அவர். வினையூக்கி ஜெயித்ததா என்ற தீர்ப்பில் அவர் கிணற்றுத் தண்ணீருக்கும் ஓட்டு இருக்க வேண்டும்.